உமிச்சாம்பலும் மூன்று தவணையும்

புதுவயலில் அரிசி ஆலைகள் இருக்கிற தெருவில் வெள்ளை வேட்டியோடு நடந்தால், மறுமுனைக்குப் போவதற்குள் வேட்டி சாம்பல் நிறமாகிவிடும். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை பாய்லரில் எரித்துத்தான் நெல் அவிக்கிறார்கள். எரிந்த உமியில் மறுபடி ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். நூறு மூட்டை நெல் அவித்தால் நாலு மூட்டை எடைக்குச் சாம்பல். கொட்ட இடமில்லை, வாங்க ஆளில்லை.

காரைக்குடிக்கு அந்தப் பக்கம் புதுவயல் என்றால் இந்தப் பக்கம் ஆத்தங்குடி. அங்கே அப்பா டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறார். நான் சிவில் படித்துவிட்டு இரண்டு வருடம் வெளியூரில் வேலை பார்த்துத் திரும்பியவள். அந்தச் சாம்பலை இந்தத் தரைக்கல்லுக்குள் போட முடியுமா என்பதுதான் கேள்வி. ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது. கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைப்பதோடு சரி. ஆனால் சிமென்ட் இல்லாமல் ஆகாது. மனிதர்கள் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. சாம்பலில் இருக்கிற சிலிக்கா, சிமென்டிலிருந்து வெளிப்படும் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர ஏடு ஐஎஸ் 456-லேயே உமிச்சாம்பல் பற்றிச் சொல்லியிருக்கிறது. கையால் வார்க்கிற பூக்கல்லில் அது நிற்குமா என்று பார்க்கத்தான் பணம் வேண்டியிருந்தது.

அரசு பணம் தரும் என்று தெரியும். எந்த அரசு, எந்தக் கதவு என்பதில்தான் நாலு மாதம் போனது. மாநில அரசில், புதுத் தொழில்களுக்கான ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு நடத்தும் டான்சீட் என்ற நிதி இருந்தது. பொதுவாகப் பத்து லட்சம், பசுமைத் தொழில்நுட்பம் அல்லது பெண்கள் நடத்தும் நிறுவனம் என்றால் 15 லட்சம். அதற்கு ஈடாக நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கு. மத்திய அரசில் 2021 ஏப்ரலில் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டம், மொத்தம் 945 கோடி ரூபாய். மாதிரி செய்து பார்க்கவும் சோதனை ஓட்டத்துக்கும் 20 லட்சம் வரை மானியம். சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை, ஆனால் அது கடனாகவோ கடன் பத்திரமாகவோதான்.

இரண்டுக்கும் போடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. விதை நிதியின் தகுதிப் பக்கத்தில் ஒரு வரி: வேறு மத்திய, மாநிலத் திட்டங்களில் பத்து லட்சத்துக்கு மேல் பண உதவி வாங்கியிருக்கக் கூடாது. மாநிலத்தில் 15 லட்சம் முதலில் வாங்கியிருந்தால் மத்தியக் கதவு சாத்திக்கொள்ளும். எதை முதலில் போடுவது என்பதை யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். விதிமுறைகளை அச்செடுத்து, மஞ்சள் பேனாவோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்ததால் தப்பித்தேன். மத்திய விதை நிதிக்கே முதலில் போடுவது என்று முடிவு.

இன்னொரு வரியும் இருந்தது. விண்ணப்பிக்கும்போது நிறுவனம் தொடங்கி இரண்டு வருடம் தாண்டியிருக்கக் கூடாது. நானும் கூடப் படித்த தோழியும் பிரைவேட் லிமிடெட் பதிவு செய்தது 2021 மே. மேலே சொன்ன வரியைப் படித்தபோது 2023 ஜனவரி. நாலு மாதம்தான் மிச்சம்.

முதல் அடி அங்கிருந்து இல்லை, அப்பாவின் பட்டறையிலிருந்து விழுந்தது. பட்டறை அப்பா பெயரில் இருக்கிற தனிநபர் தொழில். விதை நிதிக்குத் தேவையான மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் அதற்குக் கிடையாது. புது நிறுவனத்துக்குக் கிடைக்கும், ஆனால் ஏற்கெனவே நடக்கிற தொழிலைப் பிரித்தோ பெயர் மாற்றியோ உருவாக்கியதாக இருக்கக் கூடாது. "அப்பா பட்டறைதானே, மகள் பெயரில் பலகை மாட்டியிருக்கீங்க" என்று கேட்டால் பதில் வேண்டும். தோழிதான் முடிச்சை அவிழ்த்தாள். நாம் டைல்ஸ் விற்கவில்லை. பதப்படுத்திய சாம்பல் பொடியையும் கலவைக் கணக்கையும் விற்கிறோம், ஆத்தங்குடிப் பட்டறைகள் எல்லாம் நமக்கு வாடிக்கையாளர்கள், அப்பா பட்டறை அதில் ஒன்று. யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மையான வியாபாரமும். அப்பாவோடு முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டோம், சோதனைக்கு இடம் தருவதற்கு மாத வாடகை உட்பட. கையெழுத்துப் போட்டுவிட்டு, "வீட்டுச் சாப்பாட்டுக்கும் ஒரு பத்திரம் போட்டுரலாமா?" என்றார்.

இதற்கிடையே ஒரு ஆலோசகர் வந்தார். விண்ணப்பத்தை அவரே எழுதித் தருவாராம், வருகிற பணத்தில் எட்டு சதவீதம் அவருக்கு. விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. திட்டச் செலவில் அவருக்குக் கொடுப்பதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டேன். அப்புறம் அவர் போன் எடுக்கவில்லை.

பணம் அரசிடமிருந்து நேராக வராது. தொழில் வளர்ப்பகங்களுக்கு (இன்குபேட்டர்) அரசு ஒதுக்கியிருக்கும், அவர்கள்தான் ஆளைத் தேர்ந்தெடுத்துத் தருவார்கள். மூன்று வளர்ப்பகங்களை விருப்ப வரிசையில் குறிக்கலாம். நான் பெரிய பெயர் ஒன்றை முதலில் போட்டேன். அவர்கள் மென்பொருள் ஆட்கள். ஒரு வரிகூடக் கேட்காமல் நிராகரிப்பு வந்தது. நியாயமாகப் பார்த்தால் தவறு என்னுடையது. இதுவரை யாருக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்துவிட்டு வரிசை போட்டிருக்க வேண்டும். இரண்டாவதாகப் போட்ட இடத்தில் பொருள் செய்கிறவர்கள் நிறைய இருந்தார்கள். அவர்கள்தான் கூப்பிட்டார்கள். விண்ணப்பம் வந்து 45 நாளுக்குள் முடிவு தெரிய வேண்டும் என்பது விதி. எங்களுக்கு அதையும் தாண்டியது.

படிவத்தில் என்னைத் திணறடித்தது டிஆர்எல் என்ற கட்டம். தொழில்நுட்பம் எந்த அளவு தயார் என்பதற்கு ஒன்று முதல் ஒன்பது வரை படி. பெரிதாகப் போட்டால் மதிப்பு என்று நினைத்து ஏழு போட்டிருந்தேன். ஏழு என்றால் நிஜமான சூழலில் ஓடிக் காட்டியது. நாங்கள் செய்திருந்தது சமையல்கட்டு மிக்ஸியில் அரைத்த சாம்பலில் பன்னிரண்டு கல். வளர்ப்பகத்திலிருந்து பேசிய அம்மா, "ஏழுன்னா எதுக்கும்மா எங்ககிட்ட பணம் கேக்கறீங்க, கடைய தொறந்துரலாமே" என்றார். நாலு என்று திருத்தினேன். அப்போதுதான் இந்தப் பணம் எதற்கு என்று புரிந்தது. நான் இயந்திரம் வாங்கப் பணம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் கேட்டது, இந்தப் பணம் முடியும்போது இப்போது தெரியாத எது தெரிந்திருக்கும் என்று. செலவுத் திட்டத்தை முழுதாகக் கிழித்துப் போட்டு மறுபடி எழுதினேன். சாம்பல் அரைக்கிற பந்து ஆலையும் (பால் மில்) கொட்டகையும் போயின. விதை நிதியில் கட்டட வசதி எதுவும் செய்யக் கூடாது என்று எப்படியும் விதி இருக்கிறது. அரைவையைக் கூலிக்குக் கொடுப்பது, சோதனைக் கட்டணம், மூலப்பொருள், இரண்டு பேர் சம்பளம், வேறு மூன்று பட்டறைகளில் சோதனை ஓட்டம் என்று ஆனது. 16 லட்சம் கேட்டோம்.

நேர்காணலுக்குப் பல்லவன் ரயிலில் போனோம். விடியற்காலை காரைக்குடியில் ஏறும்போது என் பையில் ஆறு கல், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோ. மூன்றில் சாம்பல் உண்டு, மூன்றில் இல்லை. பத்து நிமிடம் பேச வேண்டும். படக்காட்சியில் பாதிகூடப் போகவில்லை, கல்லை மேசையில் பரப்பி எது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். யாராலும் முடியவில்லை. முடியாது, ஏனென்றால் மேல்பூச்சில் நாங்கள் கை வைக்கவே இல்லை. அது வெள்ளை சிமென்டும் நிறப்பொடியும். கரி கலந்த சாம்பல் அதில் போனால் மஞ்சள் மங்கிவிடும், பச்சை அழுக்காகிவிடும். அடியில் இருக்கிற இரண்டு அடுக்கில்தான் சாம்பல்.

ஒரு பெரியவர் கேட்டார்: "சூளையே இல்லாத கல், ஏற்கெனவே பசுமைதானே? இதுல எதுக்கு இன்னொரு பசுமை?" சூளை இல்லாததால்தான் அதன் சுமை முழுவதும் சிமென்டில் இருக்கிறது, அதைத் தொடாமல் வேறு எதைத் தொட்டும் பயனில்லை என்றேன். இன்னொருவர் இது புதிதா என்றார். எங்கள் ஊர்க் கொத்தனார் தாத்தா ஒருவர் சாம்பல் கதையைக் கேட்டுவிட்டு, "அட, சுண்ணாம்புல செங்கப்பொடி போட்டு இடிப்போமே, அந்த மாதிரி" என்று சொல்லியிருந்தார். அதையே சொன்னேன். தத்துவம் பழசு, பட்டறைக்கு ஏற்ற அளவும் பதமும்தான் புதுசு என்று. அந்தப் பதில் எடுபட்டது என்று நினைக்கிறேன்.

12 லட்சம் கிடைத்தது, மூன்று தவணையில். வேலை முடிந்ததைக் காட்டினால்தான் அடுத்த தவணை.

இனி நடந்தது விண்ணப்பத்தை விடக் கஷ்டம். முதல் இலக்கு, ஐஎஸ் 1237-ன்படி சிமென்ட் தரைக்கல் சோதனையில் தேறுவது. அதில் நீர் உறிஞ்சுதல் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஈரநிலையில் வளைவு வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 3 நியூட்டனுக்குக் குறையக் கூடாது. அடி அடுக்கின் சிமென்டில் கால் பங்குக்குச் சாம்பல் போட்டு வார்த்த முதல் தொகுதி நீரைக் குடித்துத் தள்ளியது. கண்ணாடியை விட்டுக் கல் வழக்கம்போல அழகாகத்தான் கழன்றது, மேலே முகம் பார்க்கலாம். திருப்பிப் போட்டு அடியில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டால் மணலில் விட்ட மாதிரி உள்ளே போய்விடும். சாம்பலில் எரியாத கரி அதிகம், அரைவையும் போதவில்லை.

ஆலைக்கு ஆலை சாம்பல் வேறு என்று தெரியும். ஒரே ஆலையில் பகல் சாம்பலும் இரவுச் சாம்பலும் வேறு என்பது தெரியாது. இரவில் பாய்லர்காரர் உமியை அள்ளிப் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால் கரி மிஞ்சுகிறது. அளவுக்கு மீறி எரிந்தாலும் ஆபத்து, சிலிக்கா படிகமாகிச் சுண்ணாம்போடு சேர மறுக்கும். கடைசியில் ஒரே ஆலை, பகல் சாம்பல் மட்டும், அங்கேயே ஒரு பையன் கையால் பார்த்து வெளிறிய சாம்பலைத் தனியே அள்ளிவைப்பது என்று ஏற்பாடு. அளவையும் கால் பங்கிலிருந்து பதினைந்து சதவீதமாக இறக்கினோம். இலவசமாகக் கொடுத்த ஆலை முதலாளி, அரசாங்கப் பணம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மூட்டைக்கு விலை சொன்னார். பேரம் பேசி வண்டி வாடகையில் சரிக்கட்டினேன்.

அடுத்தது நாள் கணக்கு. சாம்பல் மெதுவாகத்தான் இறுகும், கூடுதல் நாள் ஈரம் வேண்டும். எங்கள் பட்டறையில் ஒரு கல் தொட்டியில் கிடக்கிற நாளுக்கு இது இரண்டு மடங்கு கிடந்தது. தொட்டி நிரம்பிவிட்டால் வார்க்கிறவர்களுக்கு வேலை இல்லை. ஆள் கூலி கல் எண்ணிக்கைக்கு என்பதால் முணுமுணுப்பு. "பாப்பா, உன் கல்லு தண்ணியில தவம் இருக்கு, நாங்க என்ன பண்றது?" என்று கேட்டார் அங்கே முப்பது வருடமாக வார்க்கிற அண்ணன். அப்பா யாரையும் கேட்காமல் பின்பக்கம் இன்னொரு தொட்டி கட்டினார்.

28 நாள் வலிமைச் சோதனை என்பதால் ஒரு தொகுதி தோற்றால் ஒரு மாதம் போச்சு. இரண்டு தோற்றன. முதல் இலக்கு தேதியைத் தாண்டிவிட்டது. பயந்துபோய் ஒரு மாதம் வளர்ப்பகத்துக்குச் சொல்லாமல் இருந்தேன், அதுதான் நான் செய்த பெரிய பிசகு. சொன்னபோது அவர்கள் திட்டவில்லை. தோற்ற தொகுதியின் முடிவுகளையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்லி, தேதியைத் தள்ளிக் கொடுத்தார்கள்.

கணக்கு வழக்கு பற்றி ஒரு வார்த்தை. மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, பெரிய செலவுக்கு மூன்று கொட்டேஷன், ஒவ்வொரு தவணைக்கும் ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ். மணல் வண்டிக்காரரிடமும் சாம்பல் அள்ளுகிற பையனிடமும் ஜிஎஸ்டி பில் கேட்க முடியுமா? சின்னச் செலவுக்கு ரசீதுச் சீட்டு அச்சடித்து, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வைத்தேன். எதிர்வீட்டு ஆச்சியின் வீட்டுக்காரர் பர்மாவிலிருந்து வந்த கடைக் கணக்கையெல்லாம் எழுதியவர். என் எக்செல் தாளைப் பார்த்து, "வரவு தேதி ஒண்ணு, செலவு தேதி ஒண்ணு, நடுவுல கைக்காசு எவ்வளவு போட்டேன்னு எங்கே எழுதியிருக்கே?" என்று கேட்டார். எழுதவில்லை. தவணை வருவதற்குள் நான் போட்ட கைக்காசு மூன்றரை லட்சம் தாண்டியிருந்தது. அந்த அளவுக்கு வைத்திருக்காதவர்கள் இந்தப் பக்கம் வரும்போது யோசித்துத்தான் வர வேண்டும். மானியம் என்று பெயர், ஆனால் பாதி நாள் நாம்தான் அரசுக்குக் கைமாற்று கொடுத்தவர்கள் போல இருக்கிறோம்.

மூன்று வெளிப் பட்டறைகளில் இரண்டு ஒத்துழைத்தன. ஒன்று பொடியை வாங்கிவைத்து, திரும்பிப் போய்க் கேட்டபோது மூட்டையைப் பிரிக்கவே இல்லை. அதையும் அப்படியே எழுதினேன். கானாடுகாத்தானில் தங்கும் விடுதியாக்கிய பழைய வீடு ஒன்றில், இரண்டாம் கட்டுப் பகுதியில் பெயர்ந்துபோன தரைக்கு எங்கள் பொடி போட்ட கல் இறங்கியது. வாங்கியவருக்குச் சாம்பல் பற்றி அக்கறையே இல்லை. பழைய சிவப்பு கிடைக்கிறதா என்றுதான் நாலு முறை கேட்டார்.

கடைசித் தவணை வங்கியில் ஏறிய செய்தி வந்தபோது நான் சல்லடையும் கையுமாக இருந்தேன். 50 லட்சக் கடனுக்கு இப்போதைக்குப் போகவில்லை. மாதம் எத்தனை மூட்டை பொடி போகும் என்று நிச்சயமாகத் தெரியாமல் கடன் வாங்க மனம் வரவில்லை. அப்பாவிடம் போய்ப் பணம் வந்துவிட்டது என்றேன். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து சின்ன நோட்டை எடுத்துப் பிரித்தார். என் பெயர் போட்டு ஒரு பக்கம். செங்கல், சிமென்ட், கொத்தனார் கூலி மூன்று நாள், குழாய்.

"அந்தத் தொட்டிக் காசு இதுல வருமா?"

வசதி செய்யக் கூடாது என்று விதி இருக்கிறதப்பா என்றேன். நோட்டை மூடி மறுபடி அலமாரியில் வைத்தார். பக்கத்தைக் கிழிக்கவில்லை.