அப்புறம்… வேறென்ன?

தனியாக இருக்கும் பெண்ணிடம் ஊர் கேட்கிற கேள்வி இரண்டுதான். "பயமா இல்லையா?" "பொழுது எப்படிம்மா போகுது?" பயமெல்லாம் இல்லை. கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்குத் திருடன் வந்தால் அவனிடமும் யாராவது "எந்த ஊரு தம்பி, யார் வீட்டுக்கு?" என்று விசாரித்துவிடுவார்கள். பொழுதைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதில் பெரிய கதை ஒன்றுமில்லை. வந்த வரன் அமையவில்லை, அப்புறம் வருவதே நின்றுவிட்டது. டெலிபோன்ஸில் ஆபரேட்டராகச் சேர்ந்து, 2000-ல் அது பி.எஸ்.என்.எல். ஆன பிறகும் அங்கேயே குப்பை கொட்டி, 2020 ஜனவரி 31-ஆம் தேதி விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். அன்று ஒரே நாளில் நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல் வீட்டுக்குப் போனோம். இரண்டு மாதம் ஆவதற்குள் ஊரடங்கு. அடுத்த வருடம் அம்மாவும் போய்விட்டாள்.

பகல் எப்படியாவது ஓடிவிடும். விளக்கு வைத்ததிலிருந்து எட்டு மணி வரைக்கும்தான் கொடுமை. பக்கத்து வீடுகளில் எல்லாம் ஒரே சீரியல் பாட்டு கேட்கும், குக்கர் கத்தும், யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் எதற்கென்றே தெரியாமல் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போடுவேன். "நல்லா இருக்கியா? சாப்டாச்சா? அப்புறம்… வேறென்ன?" அதற்கு மேல் அவர்களுக்கும் பேச்சில்லை, எனக்கும் இல்லை.

இந்த "வேறென்ன" எனக்குப் புதிதில்லை. வெளியூர் கால்களைக் கையால் இணைத்துக் கொடுக்கிற டிரங்க் போர்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் தினமும் கேட்டதுதான். காதில் ஹெட்செட், எதிரே வரிசையாகத் துளைகள், கையில் அவற்றில் செருகுகிற ஒயர். இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்துவிட்டு, லைன் சரியாக இருக்கிறதா என்று ஒரு நிமிடம் காது கொடுப்போம். மணிக்கணக்கில் காத்திருந்து, காசைக் கொட்டி பம்பாய்க்கு அர்ஜென்ட் கால் போட்டவர், சாப்பாட்டையும் மழையையும் விசாரித்துவிட்டு "அப்புறம்… வேறென்ன?" என்பார். அந்த முனையிலும் அதே. பிறகு இருவரும் பேச மாட்டார்கள், வைக்கவும் மாட்டார்கள். மூன்று நிமிடம் முடிந்தது என்று நான் சொன்னால், "இன்னொரு மூணு நிமிஷம் குடும்மா" என்று கேட்பார்கள். சும்மா இருப்பதற்கா இவ்வளவு காசு என்று நாங்கள் ஆபரேட்டர்கள் டீ நேரத்தில் சிரித்திருக்கிறோம். அவர்கள் பேச்சுக்கா காசு கொடுத்தார்கள்? மறுமுனையில் ஆள் இருக்கிறது, அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

எனக்கு அந்த மறுமுனை டவுன் பஸ்ஸில் கிடைத்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை, தெரிந்ததுதான். வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்களுக்காகக் கொண்டுவந்த திட்டம். என்னைப் போல் ஒரு வேலையும் இல்லாமல் சுவாமிமலைக்கும் திருநாகேஸ்வரத்துக்கும் போய் வருகிறவர்களும் இருப்பார்கள் என்று அரசாங்கம் நினைத்திருக்காது. மூன்றரை மணி வாக்கில் ஏறினால் ஜன்னல் சீட் கிடைக்கும். பக்கத்தில் உட்கார்கிற பெண் இறங்குவதற்குள் மருமகள் கதை, முட்டிவலி, நகைக்கடன் வட்டி எல்லாம் சொல்லி முடித்துவிடுவாள். பேர் கேட்டுக்கொள்வதில்லை. "வரேங்க்கா" என்று கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். நாளைக்கு நான் போன் பண்ணவில்லையே என்று அவளுக்கு வருத்தமில்லை, எனக்கும் பாரமில்லை. அப்படி ஒரு சுற்று போய்விட்டு வந்து கதவைச் சாத்தினால், ஆறு மணி முன்போல என்னைப் படுத்துவதில்லை. சில நாள் எப்போது கதவைச் சாத்துவோம் என்றே இருக்கிறது.

சாத்திய பிறகு சமையல். அம்மா போன புதிதில் பாத்திரத்திலேயே தயிரை ஊற்றிப் பிசைந்து, அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பேன். ஒரு ஆளுக்கு என்ன சமையல் என்று இருந்தது. கத்தரிக்காய் கால் கிலோ கேட்டால் காய்கறிக்காரம்மா "இவ்வளவுதானா?" என்று என்னை மேலும் கீழும் பார்ப்பாள். தனிக்கட்டைக்கு ஏற்றது வத்தக்குழம்புதான் என்பது என் தீர்ப்பு. சின்ன உருளியில் நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, சுண்டைக்காய் வற்றலைக் கருகாமல் வறுத்து, புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுக்கும் வரை சிறு தீயில் விட்டுவிட வேண்டும். முதல் நாளைவிட மறுநாள் ருசி. கூட ஒரு சுட்ட அப்பளம். இப்போது தட்டு போட்டு, உட்கார்ந்து, ரேடியோவை மெல்ல வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் ஆனாலும் சாப்பிடுகிறேன். "சீக்கிரம் முடிங்க, தேய்க்கணும்" என்று சொல்ல ஆளில்லாதது எவ்வளவு பெரிய சௌகரியம்!

எல்லா நாளும் இப்படி என்று சொன்னால் பொய். தீபாவளி மத்தியானம் இன்னும் கஷ்டம்தான். காய்ச்சல் ராத்திரியும் அப்படித்தான். காய்ச்சலுக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். எதிர் வீட்டுப் பெண்ணிடம் ஒரு சாவி இருக்கிறது. காலை ஏழு மணிக்குள் என் வாசலில் கோலம் இல்லையென்றால் அவள் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். மழை நாளில் மட்டும் போன். பிரிட்டனில் 2018-லும் ஜப்பானில் 2021-லும் தனிமைக்கென்றே அமைச்சர் போட்டார்கள். எங்கள் தெருவில் அந்த இலாகாவை இந்தப் பெண் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறாள். எதிர் வீடு வாய்க்காதவர்கள் 14567-ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூத்த குடிமக்களுக்கான இலவச எண், காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். பழைய ஆபரேட்டர், நம்பர் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

தம்பி மகன் சென்னைக்கே வந்துவிடு அத்தை என்கிறான். தங்கமான பையன். அவன் வீட்டில் நாலு பேருக்கும் கையில் ஆளுக்கொரு போன், ஹாலில் யாரும் பார்க்காத டிவி. அங்கே போய்த் தனியாக இருப்பதற்கு இங்கேயே இருக்கலாம். நீ மகாமகத்துக்கு வா என்று சொல்லிவிட்டேன். 2028 மாசியில் வருகிறது. கடந்த 2016 மகாமகத்தின்போது எங்கள் ஹாலில் கால் வைக்க இடமில்லாமல் சொந்தங்கள் படுத்திருந்தன. குளியலறைக்கு விடிகாலை மூன்று மணியிலிருந்து க்யூ. இந்தத் தடவையும் இப்போதே ஆள் ஆளாக "அக்கா, உன் வீட்டுலதான் தங்கல்" என்று சொல்லி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். வரட்டும், பாய் வாங்கிப் போடுகிறேன். மூன்று நாள். நாலாம் நாள் காலை யார் யாருக்கு எந்த ரயில் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.