போரில் எதிரியிடம் பிடிபட்ட வீரரின் வீட்டார் எங்கே போய்ப் புகார் கொடுப்பது?

இந்தியாவில் 1960-ல் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் என்று ஒன்று வந்தது. போர்க்கைதியை வேண்டுமென்றே கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. சித்திரவதை செய்தாலும் தண்டனை உண்டு. குற்றம் இந்தியாவுக்குள் நடந்ததா வெளியே நடந்ததா, செய்தவர் எந்த நாட்டுக்காரர் என்பதெல்லாம் கணக்கில்லை. படிக்கும்போது நெஞ்சு நிமிரும். ஆனால் 17-ஆம் பிரிவுக்கு வாருங்கள். அரசாங்கமோ, அரசாங்கம் குறிப்பிடும் அதிகாரியோ புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் அந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுக்கும். பிடிபட்ட வீரரின் அப்பா கொடுக்கும் புகார் செல்லாது. மனைவி கொடுத்தாலும் செல்லாது. 1969-ல் கோவாவைச் சேர்ந்த ஒரு பாதிரியாரின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லிவிட்டது: நீதிமன்றத்தை அணுகும் தனி உரிமை எதையும் இந்தச் சட்டம் யாருக்கும் தரவில்லை என்று.

இந்தப் பிரிவு மாற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ராணுவத்தில் கிளார்க். சர்வீஸில் பெரும்பகுதி ரெக்கார்டு ஆபீஸில் போனது. துப்பாக்கியைவிட டைப்ரைட்டரைப் பிடித்த நேரம்தான் அதிகம். ஒவ்வொரு ஜவானுக்கும் அங்கே ஒரு ஷீட் ரோல் இருக்கும். பெயர், நம்பர், ஊர், கல்யாணம், குழந்தை, நெக்ஸ்ட் ஆஃப் கின் (நெருங்கிய உறவினர்) யார் என்று எல்லாம் அதில் ஏறும். சண்டையில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் யூனிட்டிலிருந்து தகவல் வரும், பார்ட் டூ ஆர்டர் என்ற எழுத்து உத்தரவு வரும், அதை வைத்துப் பதிவு செய்வோம். கில்டு (இறந்தார்), மிஸ்ஸிங் (காணவில்லை), மிஸ்ஸிங் பிலீவ்டு கில்டு (காணவில்லை, இறந்திருக்கலாம்), பிரிசனர் ஆஃப் வார் (போர்க்கைதி). இவற்றில் எதை எழுதுகிறோமோ அதுதான் அந்தக் குடும்பத்தின் தலையெழுத்து. பென்ஷன் எது, சம்பள பாக்கி எப்போது, மனைவி குங்குமம் வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதுவரை அந்த ஒரு வரியிலிருந்துதான் கிளம்பும்.

தமிழில் வரும் கடிதங்களை என் மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். படித்து, சாராம்சம் எழுதி, அதிகாரியிடம் வைக்க வேண்டும். எந்தக் கடிதத்திலும் 'மனித உரிமை' என்று இருந்து நான் பார்த்ததில்லை. "என் மகன் இருக்கிறானா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் ஐயா" என்றுதான் இருக்கும். பழைய போரில் காணாமல் போன பையனைப் பற்றி ஒரு பெரியவர் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நம்பர், ராங்க், யூனிட் எல்லாவற்றையும் தப்பில்லாமல் எழுதியிருப்பார். புதிதாகத் தகவல் எதுவும் இல்லை என்ற அதே பதிலை நாங்களும் அனுப்புவோம். ஒரு வருடம் அவர் கையெழுத்துக்குப் பதிலாகச் சின்னப் பிள்ளையின் கையெழுத்தில் கடிதம் வந்தது. பேரனோ பேத்தியோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கேள்வி மட்டும் மாறவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கருணை இல்லை, கடமை. 1949-ன் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் இரண்டும் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் அது. பிடிபட்டவர் முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் தன் வீட்டுக்கு ஒரு அட்டை எழுத விட வேண்டும் (70-ஆம் பிரிவு). மாதம் 2 கடிதம், 4 அட்டைக்குக் குறையாமல் எழுத விட வேண்டும் (71). பிடித்த நாடு தகவல் அலுவலகம் வைத்து, யார் யாரைப் பிடித்தோம் என்று தெரிவிக்க வேண்டும் (122). இறந்துபோனால் சான்றிதழ், புதைத்த இடம் (120). காவலில் சந்தேகத்துக்கிடமாக இறந்தால் விசாரணை (121). சண்டை ஓய்ந்ததும் தாமதமில்லாமல் விடுவிக்க வேண்டும் (118). நம்பர் சகிதம் எல்லாம் இருக்கிறது. இவற்றில் ஒன்று நடக்கவில்லையென்றால் குடும்பம் எந்த ஜன்னலில் போய் நிற்பது என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

1979-ல் மக்களவையில் அரசு ஒரு பட்டியல் வைத்தது. பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாக நம்பப்படும் இந்திய வீரர்களின் பெயர்கள். பெரும்பாலும் 1971 போரில் காணாமல் போனவர்கள். '54 பேர்' என்று எல்லோரும் சொல்வது இப்படிக் காணாமல் போனவர்களைத்தான். யாரும் தங்களிடம் இல்லை என்பது பாகிஸ்தானின் பதில்.

அந்தக் குடும்பங்கள் சேர்த்து வைத்திருக்கும் ஆதாரங்களைப் பாருங்கள். விமானப்படையின் விஜய் தாம்பேயின் மனைவி தமயந்தி, தேசிய பாட்மின்டன் சாம்பியன். போர் தொடங்கிய இரண்டே நாளில் பாகிஸ்தான் பத்திரிகை ஒன்றில் ஐந்து இந்திய விமானிகள் உயிரோடு பிடிபட்டதாகச் செய்தி வந்தது. அந்தப் பெயர்களில் ஒன்று தன் கணவருடையது என்று அவர் இத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மேஜர் அசோக் சூரி இறந்துவிட்டார் என்று பதிவாகியிருந்தது. 1974 டிசம்பரில் அவர் அப்பாவுக்கு ஒரு துண்டுக் கடிதம் வந்தது. அடுத்த வருடம் கராச்சியிலிருந்து இன்னொன்று. கையெழுத்து மகனுடையதுதான் என்று உறுதியான பிறகு 'கில்டு' என்பது 'மிஸ்ஸிங்' ஆயிற்று. அந்தப் பதிவை மாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைப் போன்ற கிளார்க்குக்குத் தெரியும். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. 1983-லும் 2007-லும் குடும்பத்தார் பாகிஸ்தான் போய்ச் சிறைகளைப் பார்க்க அனுமதி கிடைத்தது. 2007-ல் போனவர்கள் 14 உறவினர்கள். யாரையும் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பினார்கள்.

2019 பிப்ரவரி 27-ல் அபிநந்தன் பிடிபட்டதை நாமெல்லாம் போனிலேயே பார்த்தோம். கைதியை அப்படிக் காட்சிப்பொருளாக்குவது ஒப்பந்தத்தின் 13-ஆம் பிரிவுக்கு விரோதம். ஆனாலும் அந்த வீடியோ வெளியானபின் 'எங்களிடம் யாரும் இல்லை' என்று எவரும் சொல்ல முடியவில்லை. மார்ச் 1-ஆம் தேதி வாகா வழியாக வந்துவிட்டார். 1971-ல் பிடிபட்டவர்களுக்கு அப்படி ஒரு சாட்சி அமையவில்லை. ஒரு பத்திரிகைத் துணுக்கு, ஒரு மங்கலான போட்டோ, ரேடியோவில் கேட்ட ஒரு பெயர், இவ்வளவுதான்.

சரி, ஆதாரம் கையிலேயே இருந்தால் நியாயம் கிடைத்துவிடுமா? கேப்டன் சௌரப் காலியா விஷயத்தில் ஆதாரம் உடலிலேயே இருந்தது. 22 வயது. 1999 மே மாதம் கார்கிலின் காக்சார் பகுதியில் ஐந்து ஜவான்களோடு ரோந்து போய்ப் பிடிபட்டார். ஜூன் 9-ல் ஆறு பேரின் உடல்களும் திருப்பித் தரப்பட்டன. உயிரோடு இருக்கும்போதே செய்த சித்திரவதை பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. அதை இங்கே விவரித்து எழுத எனக்கு மனசு வரவில்லை. பாகிஸ்தான் மறுத்தது. பாலம்பூரில் இருந்த அவர் அப்பா எழுதாத அலுவலகம் இல்லை. கடைசியில் 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சர்வதேச நீதிமன்றத்துக்கு இந்திய அரசு இந்த வழக்கைக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் கோரிக்கை. நன்றாகக் கவனியுங்கள். தன் மகனைக் கொன்றவர்கள் மீது அவர் வழக்குப் போடவில்லை, போடவும் முடியாது. வழக்குப் போடும்படி தன் அரசாங்கத்தைக் கேட்டு வழக்குப் போட்டார்.

ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள் மட்டும்தான் கட்சிக்காரர்கள். அதிலும் நம் கதவை நாமே பூட்டி வைத்திருக்கிறோம். அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று 1974-ல் இந்தியா கொடுத்த அறிவிப்பில் காமன்வெல்த் நாடுகளோடு வரும் தகராறுகளுக்கு விலக்கு உண்டு. ஆயுத மோதல் சம்பந்தப்பட்ட தகராறுகளுக்கும் விலக்கு உண்டு. 2019-ல் புது அறிவிப்பு கொடுத்தபோதும் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். கார்கில் போர் முடிந்த கையோடு, 1999 ஆகஸ்டில், பாகிஸ்தானின் அட்லாண்டிக் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர்கள் ஹேக்குக்குப் போனார்கள். இந்தியா அந்தக் காமன்வெல்த் விலக்கைக் காட்டியது. 2000 ஜூன் 21-ல், 14-க்கு 2 என்ற கணக்கில், தனக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்று அது நமக்கு வெற்றி. அதே பூட்டுதான் பாலம்பூர் அப்பாவின் வழியில் தொங்குகிறது. பாகிஸ்தான் பிடித்து வைத்த குல்பூஷண் ஜாதவுக்காக 2017-ல் இந்தியாவால் ஹேக் போக முடிந்ததே என்று கேட்பீர்கள். தூதரக உறவுகள் ஒப்பந்தத்தோடு தகராறுகளை ஹேக்குக்குக் கொண்டுபோக ஒரு தனி நெறிமுறை இருக்கிறது, இரண்டு நாடுகளும் அதில் சேர்ந்திருந்தன. ஜெனீவா ஒப்பந்தங்களில் அப்படி ஒரு வழி இல்லை.

54 பேர் விஷயத்திலும் இதே முட்டுச்சந்துதான். 2011-ல் குஜராத் உயர் நீதிமன்றம் சர்வதேச நீதிமன்றத்தை அணுகும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மறு வருடமே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2021-ல் 81 வயதான ஒரு தாயார் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். மகன் கேப்டன், 1997-ல் கட்ச் எல்லையில் ரோந்து போய்த் திரும்பாதவர். இந்த வயதில் அவரைக் கோர்ட் படியேற வைத்ததை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1971 டிசம்பரில் சரணடைந்த சுமார் 93,000 பேர், பொதுமக்களும் சேர்த்து, நம் முகாம்களில் இருந்தார்கள். அவர்களை முழுவதும் அனுப்பி முடிக்க 1974 ஆகிவிட்டது. அதுவரை அந்த வீட்டுப் பெண்களும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள். 1973-ல் பாகிஸ்தான் போர்க்கைதிகள் விஷயமாக ஹேக்கில் இந்தியா மீது வழக்குப் போட்டு, அந்த டிசம்பரிலேயே திரும்பப் பெற்றது. அரசுகள் வழக்கைப் போடும், பேச்சுவார்த்தை சரியாக வந்தால் எடுத்துக்கொள்ளும். குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது, அதனால்தான் புகார் அரசின் கையில் மட்டும் இருக்கக் கூடாது என்கிறேன்.

தேசிய மனித உரிமை ஆணையம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். 1993-ன் சட்டம் 19-ஆம் பிரிவில், ராணுவம் மீதான புகார் என்றால் ஆணையம் மத்திய அரசிடம் அறிக்கை கேட்கலாம், பரிந்துரை செய்யலாம், அவ்வளவுதான். சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டினால் விசாரிக்கவே முடியாது. எதிரி நாட்டுச் சிறைக்கு அதன் கை எட்டாது. ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குத் தனிநபர் புகார் அனுப்ப, குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் முதல் விருப்ப நெறிமுறையில் சம்பந்தப்பட்ட நாடு சேர்ந்திருக்க வேண்டும். இந்தியாவும் சேரவில்லை, பாகிஸ்தானும் சேரவில்லை.

இலங்கை 1997-லேயே சேர்ந்துவிட்டது. அங்கே 1998 கிளிநொச்சிச் சண்டையில் மகனைத் தொலைத்த விசாகா தர்மதாச என்ற சிங்களத் தாய், காணாமல் போன படைவீரர்களின் பெற்றோரைத் திரட்டினார். வீரர்களுக்கு அடையாளத் தகடு வேண்டும் என்று போராடினார். பிறகு வன்னிக்கே போய்ப் புலிகளிடம் பேசினார். 2009-ல் சரணடைந்த தமிழ்ப் பிள்ளைகளின் தாய்மார் வவுனியா நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு நின்றார்கள். இரண்டு பக்கத்துக் கேள்வியும் ஒன்றுதான். அடையாளத் தகட்டின் அருமை ரெக்கார்டு ஆபீஸில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், தகடு இல்லாத உடல் எங்கள் பேப்பரில் என்றைக்கும் 'மிஸ்ஸிங்' ஆகவே நிற்கும்.

வேறு மாதிரியும் நடக்கலாம் என்பதற்கு சைப்ரஸ் சாட்சி. 1974-ல் துருக்கிப் படையெடுப்பில் காணாமல் போன ஒன்பது பேரின் குடும்பங்கள், அவர்களில் எட்டுப் பேர் படைவீரர்கள், 1990-ல் ஐரோப்பிய மனித உரிமை அமைப்பிடம் நேரடியாகப் புகார் கொடுத்தார்கள். அரசு வழியாக இல்லை, தங்கள் பெயரிலேயே. வர்ணவா வழக்கு என்பார்கள். 2009 செப்டம்பர் 18-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு தீர்ப்புச் சொன்னது. காணாமல் போனவர்களுக்கு என்ன ஆனது என்று துருக்கி விசாரிக்காமல் விட்டது உரிமை மீறல். பதில் தராமல் உறவினர்களை இத்தனை வருடம் தவிக்கவிட்டது தனியாக இன்னொரு உரிமை மீறல், மனிதத்தன்மையற்ற நடத்தை. ஒரு புகாருக்கு 12,000 யூரோ என்பது சின்னத் தொகை. அந்த இரண்டாவது வரிக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் அந்தத் தீர்ப்பைப் படிப்பேன். என் மேஜைக்கு வந்த கடிதங்களில் இருந்த வேதனையை ஒரு நீதிமன்றம் குற்றம் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

இந்தியாவில் இதற்கு மூன்று காரியம் வேண்டும். 17-ஆம் பிரிவைத் திருத்தி நெருங்கிய உறவினர் புகார் கொடுக்க விட வேண்டும். முதல் விருப்ப நெறிமுறையில் சேர வேண்டும். 2007-ல் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வைத்திருக்கும் வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான ஒப்பந்தத்தை அங்கீகரிக்க வேண்டும். எதுவும் எல்லையில் ஒரு அங்குலத்தைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை.

இது நடக்கும்வரை, இப்படி ஒரு நிலைமையில் நிற்கும் வீட்டாருக்கு என் தொழில் அனுபவத்திலிருந்து சில வார்த்தை. செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவிடம் தேடுதல் கோரிக்கை பதிவு செய்யுங்கள், அது குடும்பமே நேரடியாகச் செய்யலாம். பிடிபட்டவர்களைச் சிறையில் பார்க்க ஒப்பந்தமே அனுமதி தரும் அமைப்பு அது. ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதும்போது தற்போதைய பதிவு என்ன, அது எந்தத் தேதியின் எந்த ஆர்டர்படி என்று கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கூடப் போய்த் திரும்பி வந்தவர்களிடம், அவர்களுக்கு ஞாபகம் மங்குவதற்குள், கடைசியாக எங்கே எந்த நிலையில் பார்த்தார்கள் என்று எழுதி வாங்கிக் கையெழுத்து வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து வேறு வேறு வீட்டில் வையுங்கள். கடிதம் ஏதாவது வந்தால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கே, எந்தத் தேதியில் தபாலில் சேர்த்தது என்பது உறைமேல் இருக்கும் முத்திரையில்தான் இருக்கும்.