ஏடாக்ஸ்-1 தாமிரத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது? அளந்து பார்த்த அனுபவம்

ஏடாக்ஸ்-1 ஒரு சின்னப் புரதம். மொத்தமே 68 அமினோ அமிலங்கள். செல்லுக்குள் வரும் தாமிரத்தை வாங்கி, ஏடிபி7ஏ, ஏடிபி7பி என்ற பெரிய புரதங்களிடம் ஒப்படைப்பது இதன் வேலை. ஏடிபி7பி-யின் மரபணு பழுதானால் உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய், ஏடிபி7ஏ-யின் மரபணு பழுதானால் உடலுக்குத் தாமிரம் போதாமல் போகும் மென்கீஸ் நோய். இந்தச் சின்னப் புரதம் தாமிர அயனியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று அளப்பதுதான் என் ஆய்வில் முதல் வேலை.

பழைய கட்டுரைகளைப் படித்ததும் தலை சுற்றியது. ஒரு முறையில் அளந்தவர்களுக்கும் இன்னொரு முறையில் அளந்தவர்களுக்கும் இடையே லட்சம் கோடி மடங்கு அளவுக்கு வித்தியாசம். புரதம் ஒன்றேதான். அப்படியானால் கோளாறு அளக்கும் முறையில்தான் இருக்க வேண்டும்.

செல்லுக்குள் தாமிரம் குப்ரஸ் வடிவில், அதாவது ஒற்றை நேர்மின்சுமையோடு இருக்கிறது. வெறும் தண்ணீரில் அந்த வடிவம் நிலைக்காது. பாதி உலோகமாகவும் பாதி குப்ரிக்காகவும் (இரட்டை நேர்மின்சுமை கொண்ட வடிவம்) பிரிந்துவிடும். காற்று பட்டாலும் ஆக்சிஜனேற்றம் அடையும். ஆகவே எல்லா வேலையும் நைட்ரஜன் நிரப்பிய குளோவ் பாக்ஸுக்குள்தான். கரைசல்களிலிருந்தும் ஆக்சிஜனை முன்பே வெளியேற்றியாக வேண்டும்.

அடுத்தது புரதம். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் வரிசையாக அமைந்த வாலை ஒட்டித் தயாரித்தால் சுத்திகரிப்பது சுலபம், ஆனால் அந்த வாலே தாமிரத்தைப் பிடிக்கும். வால் இல்லாமலே தயாரித்தேன். தாமிரத்தைப் பிடிப்பவை 12-ஆவது, 15-ஆவது இடங்களில் உள்ள இரண்டு சிஸ்டீன் அமினோ அமிலங்களின் கந்தக அணுக்கள். இவை ஒன்றோடொன்று டைசல்பைடு பிணைப்பில் சேர்ந்துவிட்டால் புரதம் உதவாது. அதனால் ஒவ்வொரு தடவையும், தயோல்களை (இப்படிச் சேராமல் இருக்கும் கந்தகக் குழுக்களை) எண்ணும் எல்மன் சோதனை. 41-ஆவது இடத்தில் இன்னொரு சிஸ்டீன் இருப்பதால், ஒரு மூலக்கூறுக்கு மூன்று தயோல் கணக்கு வர வேண்டும். புற ஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும் அமினோ அமிலமான டிரிப்டோபான் இந்தப் புரதத்தில் கிடையாது. புற ஊதா உறிஞ்சலை மட்டும் நம்பிச் செறிவைக் கணக்கிட்டால் பிழை அதிகம். எல்மன் சோதனை அந்த வகையிலும் கைகொடுத்தது.

சரி, அளப்பது எப்படி? புரதத்தில் தாமிரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பார்த்தால், பிடிக்கிறது என்பது தெரியும். எவ்வளவு இறுக்கம் என்பது தெரியாது. பிடி அவ்வளவு வலுவானது, போட்ட தாமிரம் முழுக்க ஒட்டிக்கொள்ளும். எனவே போட்டிக்கு இன்னொருவரை இறக்க வேண்டும். பைசின்கோனினிக் அமிலம் என்ற பிசிஏ குப்ரஸோடு சேர்ந்தால் ஊதா நிறமாகும். 562 நானோமீட்டரில் அளக்கலாம். ஏடாக்ஸ்-1 சேர்க்கச் சேர்க்க ஊதா வெளிறும். எவ்வளவு வெளிறியது என்பதிலிருந்து புரதத்தின் பங்கைக் கணக்கிடலாம். கரைசலில் தாமிரத்தைப் பிடிக்கக்கூடிய மூன்றாவது ஆள் இருக்கவே கூடாது. சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று சேராமல் காக்கச் சேர்க்கும் டிடிடி என்ற ஒடுக்கி அப்படிப்பட்ட ஆள். பழைய எண்களின் குழப்பத்துக்கு இப்படி யாரும் கணக்கில் எடுக்காத போட்டியாளர்களும் ஒரு காரணம்.

ஒரு தாமிரத்துக்கு இரண்டு பிசிஏ மூலக்கூறுகள் தேவை. ஆகவே பிசிஏ செறிவை மாற்றினால் நிறம் மாறும், கணக்கில் வரும் இறுக்கம் மாறக்கூடாது. இந்தச் சரிபார்ப்பு மிக முக்கியம் என்பேன். பாத்தோகுப்ராயின் டைசல்போனேட் என்ற வேறொரு சாயத்தை வைத்தும் திரும்ப அளந்தேன். இரண்டும் ஒத்துப்போயின: பிரிகை மாறிலி (இது சிறியதாக இருந்தால் பிடி இறுக்கம்) சுமார் 10⁻¹⁸ மோலார் அளவில்.

இவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது எப்படி விட்டுக்கொடுக்கும் என்ற கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. அது விடுவதே இல்லை, கைமாற்றுகிறது. ஏடிபி7பி-யின் சிஸ்டீன் ஒன்று நெருங்கி வந்து அதே தாமிரத்தைப் பிடிக்கும். சிறிது நேரம் மூன்று கந்தக அணுக்கள் அதைச் சூழ்ந்திருக்கும். பிறகு பழைய பிணைப்பு ஒவ்வொன்றாக விலகும். அயனி தனியாக நீந்தும் கட்டமே கிடையாது. ஏடிபி7பி-யில் தாமிரத்தைப் பிடிக்கும் பகுதிகளில் நான்காவதை மட்டும் தனியாக எடுத்து, தாமிரமேற்றிய ஏடாக்ஸ்-1 உடன் கலந்து, மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் குழாயில் (column) ஓட்டினால், இரண்டும் சேர்ந்த இணை தனி முகடாக வரும். தாமிரம் இல்லாமல் கலந்தால் அந்த முகடு வராது.