ரிசீவர் ரேடியோவுக்குத் தெற்கு வடக்காக ஒரு கம்பி

டிவியையும் ஸ்பீக்கர்களையும் இணைக்கும் ஏவி ரிசீவரில் (ஹோம் தியேட்டர் பெட்டி) ரேடியோவுக்கான டியூனர் பட்டனை அழுத்தியதும் வெறும் இரைச்சல் கேட்டால், "இதில் ரேடியோ சரியில்லை" என்று பலரும் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். டியூனர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். டிரான்சிஸ்டர் ரேடியோவில் எஃப்எம்முக்கு இழுத்து நீட்டும் கம்பியும், ஏஎம்முக்கு உள்ளே ஃபெரைட் தண்டும் கூடவே வரும். ரிசீவரின் இரும்புப் பெட்டிக்குள் இரண்டும் கிடையாது. வாங்கும்போது எஃப்எம்முக்குக் கொடுத்த டி வடிவ ஒயரும் ஏஎம்முக்குக் கொடுத்த பிளாஸ்டிக் வளையமும் கவர் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கும். முதல் வேலை அவற்றைத் தேடி எடுப்பதுதான்.

டெல்டாவில் ஆன்டெனா கட்டுவதற்கு ஊர் அமைப்பே வசதி செய்து தருகிறது. தஞ்சாவூரில் நின்று பார்த்தால் திருச்சி மேற்கே, காரைக்கால் கிழக்கே. கும்பகோணத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். திருச்சி எஃப்எம் நிலையத்தின் 102.1, காரைக்கால் நிலையத்தின் 100.3 இரண்டும் எதிரெதிர் திசையிலிருந்து வருகின்றன. டி வடிவ ஒயர் அதன் இரு முகப்புகளிலும்தான் நன்றாக வாங்கும். இரு நுனிகள் காட்டும் திசையில் ஏறக்குறைய காது கேட்காது. ஆகவே ஒயரைத் தெற்கு வடக்காக நீட்டி அடித்தால் ஒரே கம்பி இரண்டு நிலையத்துக்கும் போதும். டிவி இருக்கும் சுவர் எது என்று பார்த்து அதன் பின்னால் ஒட்டிவிடுவதுதான் வழக்கமான தவறு. அந்தச் சுவர் கிழக்கு மேற்காக ஓடினால் இரண்டு நிலையமுமே போய்விடும்.

உயரம் அடுத்த விஷயம். எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும். நிலையத்தின் கோபுரம், உங்கள் ஆன்டெனா இரண்டின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். கோபுரம் 100 மீட்டர், உங்கள் ஆன்டெனா 10 மீட்டர் என்று வைத்தால் சுமார் 54 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. கும்பகோணம் அதைத் தாண்டியது. அங்கெல்லாம் கூடத்துச் சுவர் போதாது, மொட்டை மாடிக்குப் போகவேண்டும்.

மாடி ஆன்டெனாவைக் கையாலேயே செய்யலாம். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மி.மீ. தாமிர ஒயரில் 70 செ.மீ. துண்டு இரண்டு. பிவிசி குழாயின் மேல் இரண்டையும் ஒரே கோட்டில், நடுவில் விரல் அகல இடைவெளி விட்டுக் கட்டவும். கேபிள் டிவிக்காரர்கள் பயன்படுத்தும் ஆர்ஜி-6 கேபிளின் நடுக்கம்பியை ஒரு துண்டோடும், மேல்வலையை இன்னொன்றோடும் இணைக்கவும். அந்த வலை பெரும்பாலும் அலுமினியம்; ஈயம் பிடிக்காது. சால்டரிங் வைத்துப் போராடாமல் ஸ்குரூ கனெக்டரில் இறுக்கிவிடுங்கள். கேபிளின் மறுமுனையில் பழைய டிவி ஆன்டெனா பின், அல்லது உங்கள் ரிசீவர் கேட்கும் வேறு பின். மாடியில் ஏற்கெனவே துருப்பிடித்து நிற்கும் பழைய டிவி ஆன்டெனாவில் சொருகிப் பார்க்கும் ஆசை வரும். அதன் குழாய்கள் எஃப்எம்முக்கு ஏற்ற நீளத்தில் வெட்டப்பட்டவை அல்ல, பலன் குறைவு.

இனி ரிசீவர். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி என்றால் முதலில் அலைவரிசைப் படியை, அதாவது ஒரு முறை அழுத்தினால் எண் எவ்வளவு தாவுகிறது என்பதைப் பாருங்கள். நம் நாட்டில் ஏஎம் 9 கிலோஹெர்ட்ஸ் படி, அமெரிக்காவில் 10. திருச்சி ஏஎம் நிலையத்தின் 936 என்பது 9இன் மடங்கு. 10 படியில் ஓடும் ரிசீவர் 930க்கும் 940க்கும் தாவும், நடுவில் நிற்காது; குரல் கரகரத்து, நசுங்கிக் கேட்கும். எஃப்எம் அங்கே 0.2 மெகாஹெர்ட்ஸ் தாவலாக இருந்தாலும் 100.3, 102.1 இரண்டும் அதில் விழுந்துவிடுவதால் கோளாறு ஏஎம்மில் மட்டுமே தெரியும். யமஹாவின் ஆசிய மாடல்கள் பலவற்றில் ஸ்ட்ரெய்ட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவரை அழுத்தினால் வரும் மெனுவில் டியூனர் படியை மாற்றலாம். மாற்றிய பிறகே நிலையங்களைப் பதியுங்கள். முன்பு பதிந்தவை அழிந்துவிடக்கூடும்.

நிலையங்களைத் தானே தேடிப் பதியும் ஆட்டோ ப்ரீசெட்டை நம்பவேண்டாம். அது பலமான நிலையங்களில் மட்டும் நின்று, காரைக்காலைத் தாண்டி ஓடிவிடும். 100.3 என்று நேரடியாக எண்ணை அடித்து, மெமரி பட்டனை அழுத்தி, கையாலேயே பதியுங்கள். மேற்கு டெல்டாவில் மாடி ஆன்டெனா வைத்தால் கொடைக்கானலின் 100.5 பக்கத்திலேயே வந்து முட்டும். கோபுரம் மலை உச்சியில் இருப்பதால் அது அவ்வளவு தூரம் வருகிறது. ஒற்றைக் கம்பி இரு பக்கமும் ஒரே மாதிரி வாங்குவதால் இவற்றைப் பிரிக்காது. ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் பல குழாய் எஃப்எம் யாகி வேண்டும்.

நிலையம் கிடைத்தும் 'உஸ்' என்ற இரைச்சல் இருந்தால், இடது வலது என்று பிரிக்கும் ஸ்டீரியோவை விட்டு, பிரிக்காத மோனோவுக்கு மாற்றுங்கள். ஸ்டீரியோவுக்கு மோனோவைவிடச் சுமார் 20 டெசிபல் கூடுதல் சிக்னல் தேவை. பல ரிசீவர்களில் மோனோவுக்குத் தனிப் பட்டன் இருக்காது. டியூனிங்கை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றினாலே மோனோவாகிவிடும். ஸ்டீரியோவில் இருக்கும்போது, சுற்றிலும் உள்ள எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரிக்கும் சரவுண்டு முறையிலும் கேட்காதீர்கள். பலவீனமான ஸ்டீரியோவின் இரைச்சல் இடது வலது வித்தியாசத்தில்தான் தங்கியிருக்கும். சரவுண்டு டிகோடர் அந்த வித்தியாசத்தைத்தான் பின் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. பாட்டு முன்னால், இரைச்சல் முதுகுக்குப் பின்னால் என்று வருவதன் காரணம் இதுவே. மோனோவில் வைத்துவிட்டால் அதே சரவுண்டு முறை நன்மை செய்யும்: செய்தி, வேளாண் நிகழ்ச்சி போன்ற பேச்சு சென்டர் ஸ்பீக்கரில் கணீரென்று வரும்.

ஏஎம் வளையத்துக்கு விதி நேர்மாறு. வளையத்தின் விளிம்பு நிலையத்தை நோக்க வேண்டும், முகம் அல்ல. திருச்சிக்கு அதைக் கிழக்கு மேற்காக நிறுத்துங்கள். ரிசீவர், டிவி இரண்டிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். ரிசீவரில் வளையத்தை மாட்டும் இடத்தில் உள்ள கிரவுண்ட் முனை வீட்டு எர்த் அல்ல. இரைச்சல் எங்கிருந்து என்று பிடிக்க, பேட்டரி டிரான்சிஸ்டரை 936இல் வைத்து வீட்டைச் சுற்றுங்கள்: எல்இடி பல்பு, செட்டாப் பாக்ஸ் அடாப்டர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் மாட்டும். கரண்ட் போன நேரத்தில் மட்டும் கர்ரென்றால் இன்வெர்ட்டர்தான்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று கனெக்டரை விரைவில் அரிக்கும். இணைப்பில் வாசலின் தடவி, மேலே தண்ணீர் புகாத டேப் சுற்றுங்கள். கேபிள் ஜன்னலில் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். கடலோரத்தில் சில இரவுகளில் இலங்கை எஃப்எம் நிலையங்கள் புகுந்து நம் நிலையத்தை மூடும். அது வானிலையின் விளைவு, உங்கள் கம்பியின் குறையல்ல. வெயில் ஏறினால் பெரும்பாலும் விலகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்குவதற்கு முன்பே கேபிளை ரிசீவரிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்களில் எந்த ரிசீவரும் பேசியிருக்க முடியாது. புயல் செய்திக்கு, செல் போட்ட சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றை எட்டும் இடத்தில் வையுங்கள்.