தோடு, அரைஞாண், பொத்தான்: மகளின் உலோக ஒவ்வாமை

மகளுக்கு இரண்டு வயது நடக்கும்போது காது மடலில் அரிப்பு தொடங்கியது. பிறகு இடுப்பைச் சுற்றி, அப்புறம் தொப்புளுக்குக் கீழே ஒரு வட்டம். இரவெல்லாம் சொறிந்துகொண்டே இருப்பாள். எங்கள் நிறத்தில் இது சிவப்பாகத் தெரியாது. கறுத்து, தடித்து, சொரசொரப்பாக இருக்கும். படை என்று நினைத்து ஒரு களிம்பு பூசினோம், குறையவில்லை. நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில், லயத்தில், ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். முட்டை, கருவாடு, தக்காளி எல்லாம் நிறுத்தியாயிற்று. வளர்கிற பிள்ளை வெறும் சோறும் பருப்பும் சாப்பிட்டதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

தோல் டாக்டர் சாப்பாட்டைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. எங்கெங்கே வந்திருக்கிறது என்றுதான் பார்த்தார். காதில் இமிடேஷன் தோடு. இடுப்பில் அப்பாயி கட்டிய அரைஞாண், அதில் வெள்ளி நிறத்தில் மணிகள். தொப்புளுக்குக் கீழே ஜீன்ஸின் பொத்தான். "மூன்று இடத்திலும் உலோகம் படுது, பாருங்கம்மா" என்றார். சந்தேகம் நிக்கல் என்ற உலோகத்தின் மேல். இந்த வகை ஒவ்வாமை பட்டவுடனே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தோலில் தெரியும். அதனால்தான் எல்லோரும் முந்தைய நாள் சாப்பாட்டைப் பழிக்கிறோம்.

உறுதி செய்ய பேட்ச் டெஸ்ட். அதற்காக ஹட்டனில் ரயில் ஏறி கொழும்புக்குப் போய், கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். ஊசி கிடையாது. நிக்கல், வாசனைப் பொருள் என்று ஒவ்வாமை தரக்கூடியவற்றை வைத்த சின்னச் சின்ன வில்லைகளை முதுகில் டேப் போட்டு ஒட்டுவார்கள். திங்கள் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து புதன் எடுத்து, வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பார்கள். கடைசிப் பார்வைதான் முக்கியம், சிலருக்கு அப்போதுதான் தெரியவரும். எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது கொழும்பு வெயில்தான். மலைக்குளிரில் வளர்ந்த பிள்ளைக்கு வியர்த்து வழிய, டேப்பின் ஓரம் கிளம்பியது. மேலே இன்னொரு டேப் ஒட்டி, பின்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போட்டு, ஃபேனுக்குக் கீழேயே விளையாட வைத்தோம். முதுகில் தண்ணீர் படக்கூடாது, ஈரத்துணியால் கைகாலை மட்டும் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை நிக்கல் ஒட்டிய இடம் மட்டும் தடித்து, சின்னக் கொப்புளங்களோடு இருந்தது. வாசனைப் பொருட்களுக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் குற்றம் சொன்ன பேபி கொலோன் இதற்குக் காரணமே இல்லை! ஆனாலும் வெடித்த தோலில் எரியும் என்பதால் அதையும் விட்டுவிட்டோம்.

மருந்து பெரிதாக இல்லை. வீரியம் குறைந்த ஸ்டீராய்டு கிரீம் சில நாட்களுக்கு, மெல்லிசாக. மற்ற நேரம் வாசனையில்லாத வாஸ்லின். ஸ்டீராய்டு என்றதும் பயந்தேன், டாக்டர் சொன்ன அளவில் பூசியதில் ஒன்றும் ஆகவில்லை. அரைஞாணுக்குப் பதில் வெறும் கறுப்புக் கயிறு. அப்பாயிக்கு மணி இல்லாதது குறைதான், ஆனால் பிள்ளை தூங்குவதைப் பார்த்து ஒத்துக்கொண்டார். ஜீன்ஸை ஒதுக்கிவிட்டு எலாஸ்டிக் காற்சட்டை போடுகிறேன். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவிடம் சட்டையில் ஊக்கு குத்த வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அரிப்பு நின்றுவிட்டது, கறுப்பு மட்டும் மெதுவாக மறைகிறது. இந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்குமாம். நிக்கல் கலந்த தோட்டைக் காது குத்திய துளையில் போடுவதுதான் பலருக்கு இதன் ஆரம்பம் என்றும் டாக்டர் சொன்னார். சின்னவளுக்குக் காது குத்துவதைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். நல்ல தங்கத்தில் ஒரு சோடி வாங்கக் காசு சேரட்டும், அதற்குப் பிறகு குத்தலாம்.