பத்திரிகை டிசைன் செய்யும் வீட்டுக்கு ஒரு ஃபைல் சர்வர்

கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், ஊர்த் திருவிழா ஃபிளெக்ஸ், நினைவஞ்சலி போஸ்டர். குளச்சலில் வீட்டில் இருந்தபடியே இதையெல்லாம் டிசைன் செய்து நாகர்கோவிலில் பிரஸ்ஸுக்கு அனுப்புவதுதான் என் பிழைப்பு. இந்தத் தொழிலில் முடிந்துபோன வேலை என்று ஒன்று கிடையாது. அடக்கத்துக்குப் போஸ்டர் அடித்தவர்கள் அடுத்த வருஷம் முதலாமாண்டு நினைவுக்கு வந்து நிற்பார்கள். "அந்த போட்டோ உங்க கிட்டதானே இருக்கு?" என்பார்கள். அவர்கள் கையில் இருப்பது வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி நசுங்கிய படம். நல்ல பிரதி என்னிடம்தான் இருக்கும். கொடை நோட்டீஸ் அதற்கு மேல். அதே அம்மன் படம், அதே பார்டர், கமிட்டிப் பெயர்கள் மட்டும் மாறும். ஆக எதையும் அழிக்க முடியாது.

லேப்டாப், இரண்டு போர்ட்டபிள் டிஸ்க், ஒரு கைப்பிடி பென்டிரைவ் என்று சிதறிக் கிடந்ததை ஒரே இடத்தில் சேர்க்க வீட்டுக்கு ஒரு ஃபைல் சர்வர் வைத்தேன். கையில் இருந்த கணக்கு 35,000 ரூபாய். டிஸ்க் இல்லாத வெறும் பெட்டியாக விற்கிற ரெடிமேட் நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டி ஃபைல் சேமிக்கும் பெட்டி) இந்தப் பணத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும், அதனால் பாகம் பாகமாகச் சேர்ப்பதுதான் வழி. எதில் செலவு செய்தேன், எதில் கையை இறுக்கினேன் என்று இதே யோசனையில் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் டிஸ்க். எல்லோரும் ப்ராசசரில் ஆரம்பிக்கிறார்கள். ஃபைலை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கிற வேலைக்கு பத்து வருஷப் பழைய ப்ராசசரே அதிகம். டிஸ்க் போனால்தான் அழ வேண்டியிருக்கும். என் தேவை 2 டிபியைத் தாண்டியிருந்தது. 4 டிபி டிஸ்க் இரண்டு, ஒன்றில் எழுதுவதே இன்னொன்றிலும் எழுதப்படும் மிரர் முறை. பட்ஜெட்டில் பாதிக்கு மேல் இதற்கே போனது, அதில் எனக்கு வருத்தமே இல்லை.

டிஸ்க் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா? கடையில் பாதிப் பேருக்கு இது தெரியாது. எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தகவல் எழுதும் தடங்கள் ஓட்டுக் கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அதனால்தான் குறைந்த இடத்தில் நிறைய அடக்க முடிகிறது. ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன் மேல் படிந்த வரிசைகளையும் எடுத்து அடுக்க வேண்டுமே, அதே கதைதான் இங்கும். ஒருமுறை எழுதி வைத்துவிட்டுப் படிக்க மட்டும் செய்தால் வித்தியாசம் தெரியாது. மிரரில் ஒரு டிஸ்க் செத்து, புதிதாக ஒன்றைப் போட்டு, மொத்தத்தையும் மீண்டும் எழுதுகிற நாளில்தான் மூச்சு வாங்கும். சிஎம்ஆரில் தடங்கள் ஒட்டாமல் தனித்தனியாக இருப்பதால் இந்தத் தொல்லை கிடையாது.

டப்பாவின் மேல் "நாஸ்" என்று போட்டிருந்தால் போதுமே என்று நினைக்க வேண்டாம். 2020ல் டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) கம்பெனியின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது வாங்கியவர்களுக்குப் பிறகுதான் தெரியவந்து பெரிய கூச்சல் எழுந்தது. அதற்கப்புறம்தான் சிஎம்ஆர் டிஸ்க்குகளை "ரெட் பிளஸ்" என்று தனியாகப் பிரித்தார்கள். சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் என்றால் சிஎம்ஆர். நான் ரெட் பிளஸ் ஒன்று, அயர்ன்வுல்ஃப் ஒன்று என்று வேண்டுமென்றே கலந்து வாங்கினேன். ஒரே கம்பெனி, ஒரே நாளில் தயாரானவை என்றால் குறையும் ஒரே சமயத்தில் வரலாம். இரண்டுக்கும் 3 வருஷ வாரண்டி. சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு, இந்தியாவில் வாரண்டி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். கூரியர் வண்டியில் தூக்கி எறியப்பட்டு வர வேண்டாம் என்று டிஸ்க் மட்டும் நாகர்கோவிலுக்கு நேரில் போய் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்து கம்ப்யூட்டர். அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். "சித்தி, என் பழைய கேமிங் பிசி சும்மாதானே கிடக்கு, அதையே வச்சுக்கோங்க" என்றான்.

"கரண்ட் பில்லை உங்க அப்பாவா மக்ளே கட்டுவாரு?"

சும்மா சொல்லவில்லை. பிளக்கில் செருகிப் பார்க்கும் வாட் மீட்டரில் அது வேலை இல்லாமல் இருக்கும்போதே 80 வாட் காட்டியது. இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் 115 யூனிட். நம் பில்லில் அப்போது இரண்டு மாதத்துக்குக் கிடைத்த இலவச 100 யூனிட்டையும் அது ஒன்றே தின்றுவிட்டு மேலும் கேட்டிருக்கும். 30 வாட் என்றால் 43 யூனிட்டோடு நின்றுவிடும். வாங்கும் விலை ஒருமுறை, கரண்ட் மாசாமாசம். இந்தக் கணக்கைப் போடாமல் "வீட்டிலேயே பழைய பிசி இருக்கிறதே" என்று இறங்குபவர்கள் அதிகம்.

உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பை 4ஐயும் யோசித்தேன். கரண்ட் ரொம்பக் குறைவுதான். ஆனால் இரண்டு பெரிய டிஸ்க்கையும் யுஎஸ்பி வழியாகத் தொங்கவிட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி அடாப்டர். கேபிள் கொஞ்சம் அசைந்தால் டிஸ்க் காணாமல் போகும் ஏற்பாட்டில் மிரர் வைக்க எனக்குத் துணிவில்லை. 2023ல் வந்த இன்டெல் என்100 போர்டுகள் நல்ல தேர்வு. நாலு கோர், 6 வாட் ப்ராசசர். புதிதாக வாங்க வசதி இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதற்குப் போகலாம். ஆனால் போர்டு, ரேம், கேபினெட், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) எல்லாம் தனித்தனியாகச் சேர்க்கும்போது என் கணக்கில் அடங்கவில்லை.

கடைசியில் எடுத்தது ஆபீஸில் ஓடிக் கழித்த செகண்ட் ஹேண்ட் டவர், ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். டெல், எச்பி, லெனோவா என்று இந்த ரகம் நிறையக் கிடைக்கிறது. ஒரு விஷயம் மட்டும் பார்க்க வேண்டும். ஒல்லியான சின்ன மாடல்களில் பெரும்பாலும் பெரிய டிஸ்க் ஒன்றுக்குத்தான் இடம். கடைக்காரர் மூடியைக் கழற்றிக் காட்டாமல் வாங்காதீர்கள். டவரில் இரண்டுக்கு இடம் இருந்தது, போர்டில் டிஸ்க்கை இணைக்கிற சாட்டா போர்ட் மூன்று. இரண்டு டிஸ்க், சிஸ்டம் ஓட ஒரு சின்ன எஸ்எஸ்டி, சரியாகப் போய்விட்டது. டிஸ்க்குகள் சுற்றிக்கொண்டு சும்மா இருக்கும்போது மீட்டரில் 30 வாட்டை ஒட்டித்தான் காட்டுகிறது.

இந்த ஆபீஸ் பிசிகளில் எஸ்எம்பிஎஸ் கம்பெனியின் சொந்த அளவில், சொந்த பின்னோடு வரும். போனால் கடையில் கிடைக்கிற சாதாரண எஸ்எம்பிஎஸ் அப்படியே பொருந்தாது. சிலவற்றில் டிஸ்க்குக்கான பவர்கூட மதர்போர்டிலிருந்துதான் வரும். அங்கே வயர் போதவில்லை என்றால் கடையில் பழைய நாலு பின்னிலிருந்து சாட்டாவுக்கு மாற்றுகிற ஒரு கேபிளை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் இரண்டு ரகம். ஒன்றில் கனெக்டர் மொத்தமும் பிளாஸ்டிக் ஊற்றி வார்த்தது. உள்ளே வயர்கள் நகர்ந்து ஒன்றையொன்று தொட்டு உருகி எரிந்த கதைகள் ஏராளம். இன்னொன்றில் வயர் மேல் மூடியை வைத்து அழுத்திப் பொருத்தியிருப்பார்கள், பின்பக்கம் பார்த்தால் வயர்கள் தனித்தனியாக வரிசையாகத் தெரியும். வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும். நாற்பது ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

இனி நம் ஊர்ச் சமாச்சாரம். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறவர்களுக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பு ஸ்டாண்ட், எதையும் விடாது. சாதாரண ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால் ஒரு சின்னத் துளை இருக்கும், பக்கத்திலேயே மூடக் கூடாது என்று எழுதியிருக்கும். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருக்க அந்தத் துளை வேண்டும். தூசியைத் தடுக்க வடிகட்டி உண்டு, ஈரத்தை அது முழுசாகத் தடுக்காது. ஹீலியம் அடைத்து வருகிற பெரிய டிஸ்க்குகளுக்கு இந்தத் துளை கிடையாது, முழுக்க மூடியிருக்கும். அவை என் பட்ஜெட்டுக்கு எட்டாது. அதனால் பெட்டியைக் கடல் பார்த்த முன் அறையில் வைக்காமல், உள்ளறையில் தரையிலிருந்து உயர்த்திய ஷெல்ஃபில் வைத்தேன். ராப்பகலாக ஓடுவதில் இங்கே ஒரு லாபமும் இருக்கிறது: பெட்டிக்குள் எப்போதும் லேசான சூடு இருப்பதால் ஈரம் படிவதில்லை. அணைத்து மாதக்கணக்கில் போட்டால்தான் பச்சை பிடிக்கும். டிஸ்க் சூடு 45 டிகிரியைத் தாண்டாமல் இருக்கிறதா என்று மட்டும் சித்திரை வெயிலில் கவனிக்க வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கோடை மழையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி இடித்தால் போய்ப் போய் வரும். ஒக்கி அடித்த 2017 நவம்பர் 30க்கு அப்புறம் நாள்கணக்கில் இருட்டில் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தனை நாளுக்கு எந்த யுபிஎஸ்ஸும் தாங்காது, தாங்கவும் வேண்டாம். எழுதிக்கொண்டிருப்பதை முடித்து ஒழுங்காக அணைய நேரம் கிடைத்தால் போதும். 600 விஏ யுபிஎஸ் இந்தச் சின்ன லோடுக்கு அரை மணி நேரம் வரை இழுக்கும். முக்கியம் என்னவென்றால் பின்னால் யுஎஸ்பி போர்ட் இருக்கிற மாடலாக வாங்க வேண்டும். அது இருந்தால்தான் "பேட்டரி தீரப் போகுது" என்று சர்வருக்குச் சேதி போய், தானாக அணையும். இல்லாத மாடலில் பீப் பீப் என்று கத்தும், வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அதைக் கேட்பது யார்?

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். சாதாரண நிலையில் அது மாறுகிற நேரத்தில் ஃபேன் நிற்காது, கம்ப்யூட்டர் அணைந்து எழும்பும். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் நிலைக்கு மாற்ற ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால் சீக்கிரம் மாறும். அப்படியும் சர்வருக்குச் சேதி சொல்ல அதற்கு வழியில்லை.

மற்றதெல்லாம் சுருக்கமாக. சாஃப்ட்வேர் ஓபன்மீடியாவால்ட், டெபியன் லினக்ஸ் மேல் ஓடுவது, இலவசம். அதில் இசட்எஃப்எஸ் என்கிற ஃபைல் முறையில் மிரர். 1 டிபிக்கு 1 ஜிபி ரேம் வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். ஒரு வீட்டுக்கு 8 ஜிபி தாராளம். பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் இசிசி ரேம் இருந்தால் நல்லதுதான், இந்த ஐ5 அதை ஏற்காது, விட்டுவிட்டேன்.

நெட்வொர்க்கில் ஒரு சின்ன வேலை இருந்தது. பிராட்பேண்டோடு கொடுத்த ரூட்டரில் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். அதில் 40 ஜிபி ஆல்பம் ஃபோல்டர் போக ஒரு மணி நேரம் ஆகும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்றால் ஏழு நிமிஷத்துக்குள் முடியும். விலை குறைந்த கிகாபிட் சுவிட்ச் ஒன்று வாங்கினேன். அப்படியும் வேகம் வரவில்லை என்றால் லேன் கேபிளின் முனையைக் கண்ணாடி பிளாஸ்டிக் வழியாகப் பாருங்கள். எட்டு வயரும் இருக்க வேண்டும். வேலை சுருக்கி நாலு மட்டும் கிரிம்ப் செய்திருந்தால் கிகாபிட் ஓடவே ஓடாது.

புது டிஸ்க்கை அப்படியே நம்பி ஃபைல் ஏற்றாதீர்கள். முழுக்க ஒருமுறை எழுதிப் படிக்க விடுங்கள், நாள்கணக்கில் ஓடும், ஓடட்டும். அப்புறம் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிற ஸ்மார்ட் அட்டவணையில், கெட்டுப்போன இடங்களைச் சொல்லும் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களுக்கு நேரே பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்குத் திருப்பிவிடலாம். 199 ஏறினால் குறை பெரும்பாலும் டிஸ்க்கில் இல்லை, சாட்டா கேபிளில். ஓடிய மணிநேரம் பூஜ்யம் என்று காட்டுவதை மட்டும் வைத்துப் புதிது என்று முடிவு கட்டவும் கூடாது. 2025 தொடக்கத்தில், ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகளில் அந்தக் கணக்கை அழித்துப் புதிதாக விற்றது ஐரோப்பாவில் அம்பலமானது. ஃபார்ம் என்று டிஸ்க் உள்ளே வைத்திருக்கும் இன்னொரு பதிவு காட்டிக்கொடுத்துவிட்டது.

மிரர் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று அக்கா மகன் கேட்டான். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் மிரர் இரண்டிலும் ஒரே நொடியில் அழிந்துவிடும். அது டிஸ்க் சாவுக்கான காப்பு மட்டும். வீட்டுக்கே ஏதாவது வந்தால்? எங்கள் பக்கத்தில் இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. 2004 டிசம்பர் 26ல் ஆல்பத்தோடு வீட்டைப் பறிகொடுத்தவர்கள் இன்றும் நினைவு போஸ்டருக்கு வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்து, அதில் இருக்கிற நகம் அளவு படத்தைப் பெரிசாக்கித் தரச் சொல்கிறார்கள். எவ்வளவு இழுத்தாலும் அதில் முகம் தெளிவதில்லை.

அதனால் மூன்றாவது பிரதி கடலை விட்டுத் தள்ளி இருக்கிற குலசேகரத்தில், அக்கா வீட்டில். பழைய போர்ட்டபிள் டிஸ்க்குகள் இரண்டும் இதற்குத்தான் பயன்படுகின்றன. அவை எஸ்எம்ஆர்தான், வரிசையாக எழுதி மூடி வைக்கிற வேலைக்கு அது போதும். ஒன்று அங்கே, ஒன்று இங்கே. அக்கா வீட்டுக்குப் போகும்போது மாற்றிக்கொள்வேன். வாடிக்கையாளர்களின் குடும்பப் படங்கள் இருப்பதால் இரண்டையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறேன். அந்தப் பாஸ்வேர்டு அக்காவிடம் மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறது, அவள் மகனிடம் இல்லை.