‘கரத்தல்’ என்னும் வினை

‘இயல்வது கரவேல்’ என்று ஆத்திசூடியில் படித்ததோடு ‘கர’ என்ற வினையைப் பலரும் மறந்துவிடுகிறோம். அகராதிப் பொருள் ‘ஒளித்தல், மறைத்தல்’. ஆனால் எதை மறைக்கிறார்கள் என்று பார்த்தால்தான் சரியான பொருள் பிடிபடும்.

மறைப்பது பொருள் என்றால், கையில் இருந்தும் ‘இல்லை’ என்று மழுப்புவது. குறளில் இரவு (யாசிப்பது), இரவச்சம் (யாசிக்க அஞ்சுவது) என்ற 2 அதிகாரங்களும் இந்தச் சொல்லைச் சுற்றியே ஓடுகின்றன. 1068ஆம் குறளைப் பாருங்கள்: இரவு என்பது காவலில்லாத தோணி, ‘கரவென்னும் பார்தாக்கப் பக்கு விடும்’. பார் என்றால் இங்கே வன்னிலம், பாறை. தோணியைப் பிளப்பது வறுமை அல்ல, எதிரே இருப்பவரின் ஒளிப்பு. கேட்பவனைவிட மறுப்பவனை வள்ளுவர் கடுமையாகப் பார்க்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறைப்பது மனசு என்றால் கடுமை போய்விடும். ‘கரத்தலும் ஆற்றேன்இந் நோயை’ (1162) என்று தலைவி சொல்லும்போது அது இயலாமை. காமத்துப்பாலில் 1127 இன்னும் நுட்பம்: காதலர் கண்ணுக்குள் இருக்கிறார், மை தீட்டினால் மறைந்துபோவார், அதனால் தீட்டமாட்டாள். அங்கே ‘கரப்பாக்கு’ என்பது மறைதல். யாரும் யாரையும் ஏய்க்கவில்லை.

வழக்கமாகச் சறுக்கும் இடம் 527: ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’. ஓசை ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் ‘கா கா’ என்று கத்துவதாகவே படித்துவிடுகிறார்கள். ‘கரவா’ எதிர்மறை: ஒளிக்காமல். ‘கரைந்து’ வேறு வினை: கூவி அழைத்து. (பால் ‘கறப்பது’ வல்லின றகரம், அதையும் இதில் சேர்க்காதீர்கள்!)